பீரோ சாவியும் சிவப்பு மையும்



“பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அம்மாவுக்கும் எலும்புத் தேய்மானம். எல்லாம் ஜீனில் எழுதியிருக்கிறது என்றால் நான் நடைப்பயிற்சி போய் என்ன ஆகப்போகிறது?” என்று குரோம்பேட்டை வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி அவருடையது மட்டுமல்ல. சேலையூர் கிளினிக் வாசலிலும், பல்லாவரம் மருந்துக்கடை வரிசையிலும் இதே பேச்சுதான். முன்பு தலையெழுத்து என்றோம். இப்போது ஜீன் என்கிறோம். சொல் மாறியிருக்கிறதே தவிர, கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மனநிலை அப்படியேதான் இருக்கிறது.

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு காரணம், அறிவியல் இன்று இதற்குச் சொல்லும் பதில் அவ்வளவு சுவையானது. இன்னொரு காரணம், அந்தப் பதிலின் ஒரு துண்டு நம் ஜிஎஸ்டி சாலையிலேயே கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தாம்பரத்தில் செங்கல்பட்டு லோக்கல் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டிப் பொத்தேரியில் இறங்கும் தூரம்தான். அங்கே போவதற்கு முன் இரண்டு பேரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

நம் உடம்பின் செல்கள் எல்லாம் ஒரே கருவிலிருந்து பிரிந்து வந்தவை. கண்ணில் இருக்கும் செல்லிலும் எலும்பில் இருக்கும் செல்லிலும் அதே டிஎன்ஏ, அதே 300 கோடிச் சொச்சம் எழுத்துகள், புரதம் செய்யச் சொல்லும் அதே இருபதாயிரம் மரபணுக்கள். ஆனால் கண் பார்க்கிறது, எலும்பு தாங்குகிறது. எழுத்து ஒன்றே என்றால் வேலை எப்படி வேறானது? எந்த மரபணு பேச வேண்டும், எது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு செல்லும் தனித்தனியாக முடிவு செய்கிறது. அந்த முடிவை நிறைவேற்றுகிறவர்களில் முக்கியமான இருவர் ஹிஸ்டோனும் மைக்ரோ ஆர்என்ஏவும்.

முதலில் ஹிஸ்டோன். ஒரு செல்லில் உள்ள டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். கண்ணுக்கே தெரியாத உட்கருவுக்குள் அது அடங்க வேண்டுமென்றால் சுற்றி வைக்கத்தானே வேண்டும்? ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு எட்டாகச் சேர்ந்து உருளையாக நிற்க, ஒவ்வோர் உருளையின் மேலும் 147 எழுத்து ஜோடி நீளத்துக்கு டிஎன்ஏ சுற்றிக்கொள்கிறது. ஜெர்மானியரான ஆல்பிரெக்ட் காசல் 1884இல் வாத்தின் ரத்த செல்களிலிருந்து ஹிஸ்டோனைப் பிரித்தெடுத்தார். அதன் பிறகு நெடுங்காலம் அதை வெறும் மூட்டை கட்டும் கயிறாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1964இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரே, ஹிஸ்டோன்மீது அசிட்டைல் என்ற சின்ன வேதித் துணுக்கு ஒட்டுவதற்கும் மரபணு பேசுவதற்கும் தொடர்பு இருக்கிறது என்றார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1996இல் டேவிட் ஆலிஸ், குளத்து நீரில் வாழும் ஓர் ஒற்றைச் செல் உயிரியிலிருந்து அந்தத் துணுக்கை ஒட்டும் நொதியையே எடுத்துக் காட்டிய பிறகுதான் ஆல்ஃப்ரே சொன்னது சரி என்று ஊர் ஒப்புக்கொண்டது.

அசிட்டைல் ஒட்டினால் சுற்று தளரும்; அந்த இடத்து மரபணுவைச் செல் படிக்க முடியும். அதை நீக்கினால் சுற்று இறுகும். மெத்தில் என்று இன்னொரு துணுக்கு இருக்கிறது. அது ஒட்டும் இடத்தைப் பொறுத்துப் பலன் மாறும். எச்3 என்ற ஹிஸ்டோனின் 4ஆம் இடத்தில் மூன்று மெத்தில் இருந்தால் அந்த மரபணு பேசத் தயார். 27ஆம் இடத்தில் இருந்தால் வாய்ப்பூட்டு.

இனி மைக்ரோ ஆர்என்ஏ. 1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற இரு அமெரிக்கர்கள், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. இருபத்திரண்டே எழுத்துள்ள ஓர் ஆர்என்ஏ துண்டைத்தான் செய்தது. அந்தத் துண்டு இன்னொரு மரபணுவின் செய்தியில் போய் ஒட்டி, அதிலிருந்து புரதம் உண்டாகாமல் தடுத்தது. ஏதோ புழுவின் விநோதப் பழக்கம் என்று உலகம் நகர்ந்துவிட்டது. 2000இல் ருவ்குன் குழு லெட்-7 என்ற அடுத்த துண்டைக் கண்டுபிடித்து, அது மனிதர் உட்பட விலங்கினம் நெடுகிலும் இருக்கிறது என்று காட்டியதும் கதை மாறியது. மனித உடம்பில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோ ஆர்என்ஏக்கள் இருப்பது இன்று தெரியும். 2024இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இருவரையும் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். மூலப் பிரதிகள் எல்லாம் பீரோவுக்குள் இருக்கின்றன. மூலத்தை யாரும் வெளியே கொண்டுபோக முடியாது. நகல் எடுக்கலாம், பீரோ திறந்திருந்தால். சாவி ஒருவர் கையில் இருக்கிறது. அவர்தான் ஹிஸ்டோன்மீது துணுக்கு ஒட்டியும் நீக்கியும் வேலை பார்க்கும் நொதி. நகல் அச்சுக்குப் போகும் வழியில் சிவப்பு மையோடு புரூஃப் ரீடர் உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று பட்டதை அடித்துவிடுவார். அவர் மைக்ரோ ஆர்என்ஏ. ஒருவர் நகல் எடுக்குமுன் தடுப்பவர், மற்றவர் எடுத்தபின் தடுப்பவர். பாடப்புத்தகங்கள் இவர்களை இரண்டு தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கின்றன.

உண்மையில் இருவர் குடுமியும் மற்றவர் கையில்தான் இருக்கிறது. சாவிக்காரரை வேலைக்கு அமர்த்தும் உத்தரவே பீரோவிலிருந்து வந்த ஒரு நகல்தான். புரூஃப் ரீடர் அதை அடித்துவிட்டால் சாவிக்காரர் இல்லை. புரூஃப் ரீடரின் நியமன உத்தரவோ பீரோவுக்குள் கிடக்கிறது. சாவிக்காரர் அந்தத் தட்டைப் பூட்டிவிட்டால் புரூஃப் ரீடர் இல்லை. மைக்ரோ ஆர்என்ஏக்களில் பல, ஹிஸ்டோனைத் திருத்தும் நொதிகளின் செய்திகளைத் தடுக்கின்றன. அந்த மைக்ரோ ஆர்என்ஏக்களின் மரபணுக்களும் ஹிஸ்டோன்மீது சுற்றப்பட்டவைதான். ஹிஸ்டோன் குறிகள் அனுமதித்தால்தான் அவை பிறக்கவே முடியும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மைக்ரோ ஆர்என்ஏ தனியாகப் பெரிய பலசாலி அல்ல. 2008இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஆயிரக்கணக்கான புரதங்களை அளந்து பார்த்தன. ஒரு மைக்ரோ ஆர்என்ஏவால் ஒரு புரதத்தின் அளவு பெரும்பாலும் பாதிகூடக் குறைவதில்லை என்று தெரிந்தது. இவ்வளவு மெல்லிய கை எப்படி ஒரு செல்லின் போக்கையே மாற்றுகிறது? அது எதைத் தொடுகிறது என்பதில் விடை இருக்கிறது. சாதாரணப் புரதம் ஒன்றைத் தொட்டால் சின்ன விளைவு. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் திறந்து மூடும் ஹிஸ்டோன் நொதியைத் தொட்டால் அந்தச் சின்னத் தொடுகை பன்மடங்காகப் பெருகிவிடும்.

இனிப் பொத்தேரிக்கு வருவோம். காட்டாங்கொளத்தூர் எஸ்ஆர்எம் நிறுவனத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் பேராசிரியர் நாகராஜன் செல்வமுருகனின் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக எலும்பு செல்களையே ஆராய்ந்து வருகிறது. குரோம்பேட்டை வாசகியின் கேள்விக்கு இதைவிட நெருக்கமான இடம் கிடைக்காது.

எலும்பு காய்ந்த கல் இல்லை. அது இடைவிடாமல் இடிக்கப்பட்டுக் கட்டப்படுகிறது. கழுத்தில் தைராய்டு சுரப்பிக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை ஹார்மோன் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை வரவழைக்கும். அந்த ஆணையைக் காதில் வாங்குவது ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் எலும்பு கட்டும் செல். ஆணை வந்ததும் அது எம்.எம்.பி.13 என்ற நொதியைச் செய்யும். எலும்பின் நார்ச்சத்தான கொலாஜனைக் கரைப்பது இந்த நொதி. பழையதைக் கரைத்தால்தானே புதியதைக் கட்ட முடியும்?

ஹார்மோன் வராத நேரத்தில் எம்.எம்.பி.13 மரபணு பூட்டிக் கிடக்கிறது. பூட்டிவைப்பது எச்.டி.ஏ.சி.4 என்ற புரதம். ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைலை நீக்கும் நொதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹார்மோன் வந்ததும் எச்.டி.ஏ.சி.4 அந்த இடத்தை விட்டு விலகுகிறது. பி300 என்ற இன்னொரு நொதி வந்து அசிட்டைலை ஒட்ட, பூட்டு திறக்கிறது. இந்தப் பகுதியை 2009, 2010 ஆண்டுகளில் அமெரிக்காவில் நிக்கோலா பார்ட்ரிட்ஜின் ஆய்வுக்கூடம் விளக்கியது. பி300 பற்றிய ஆய்வில் செல்வமுருகனும் பங்கேற்றவர்.

அடுத்த பகுதி இங்கே நடந்தது. 2020இல் வெளியான காட்டாங்கொளத்தூர்க் குழுவின் கட்டுரை, எலியின் எலும்பு செல்களில் இன்னொரு கையைக் காட்டியது. பாராதைராய்டு ஹார்மோன் பட்டதும் மிர்-873-3பி என்ற மைக்ரோ ஆர்என்ஏ பெருகுகிறது. அது எச்.டி.ஏ.சி.4 செய்தியில் ஒட்டி, அந்தப் புரதம் உண்டாவதையே குறைக்கிறது. அதனால் எம்.எம்.பி.13 கூடுகிறது. ஆக, ஹார்மோன் ஏற்கெனவே இருக்கும் பூட்டுக்காரரை வாசலைவிட்டு விலக்குவதோடு நிற்கவில்லை; மாற்று ஆள் வராமலும் பார்த்துக்கொள்கிறது. ஹிஸ்டோனும் மைக்ரோ ஆர்என்ஏவும் ஒரே ஆணையின் இரண்டு கரங்களாக வேலை செய்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சங்கிலி எனக்குத் தெரிந்து குறைவு.

இதே எச்.டி.ஏ.சி.4 தசை செல்லிலும் இருக்கிறது. அங்கே அதைக் கட்டுப்படுத்துவது மிர்-1 என்ற வேறொரு மைக்ரோ ஆர்என்ஏ. தசை முதிர்ச்சி அடைய மிர்-1 அந்தப் பூட்டைத் தளர்த்துகிறது என்று 2006இலேயே தெரிந்துவிட்டது. பூட்டு ஒன்றுதான். அதை அவிழ்க்கும் கை மட்டும் உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது. ஒரே எழுத்து கண்ணில் ஒன்றாகவும் எலும்பில் ஒன்றாகவும் படிக்கப்படும் ரகசியம் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

இதற்கும் நடைப்பயிற்சிக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? பாராதைராய்டு ஹார்மோன் விட்டு விட்டு வந்தால் எலும்பு கட்டப்படுகிறது. நாள் முழுக்க உயர்ந்தே இருந்தால் எலும்பு கரைகிறது. 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெரிபாரடைட் என்ற எலும்புத் தேய்மான ஊசி, அந்த ஹார்மோனின் ஒரு துண்டுதான்; தினம் ஒரு முறை போடுவதால் அது கட்டுகிறது. ஹார்மோன் நாள் முழுக்க உயர்ந்திருக்க ஒரு பொதுவான காரணம் வைட்டமின் டி குறைவு. வெயிலுக்குக் குறைவே இல்லாத நம் ஊரிலும் அது பரவலாக இருக்கிறது. ஃப்ளாட்டுக்குள்ளிருந்து ஏசி காருக்கும், காரிலிருந்து ஏசி அலுவலகத்துக்கும் போகிற வாழ்க்கையில் தோலில் வெயில் படுவது எப்போது? வாசகியின் மரபணு அம்மாவிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அதற்குத் தினமும் போகும் ஆணையில் வெயிலுக்கும் உணவுக்கும் நடைக்கும் பங்கு உண்டு.

இந்தச் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் புற்றுநோய் காட்டுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் என்ற, பெயரிலேயே தமிழ் கேட்கும் ஆராய்ச்சியாளரின் குழுவில், சூரியநாராயண வரம்பள்ளி முதன்மையாகச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. ஈ.இசட்.எச்.2 என்ற நொதி ஹிஸ்டோனின் 27ஆம் இடத்தில் மெத்தில் ஒட்டி மரபணுக்களின் வாயை அடைப்பது. அதை அடக்கி வைத்திருப்பது மிர்-101. முற்றிய புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டிகளை எடுத்துப் பார்த்தபோது, மூன்றில் இரண்டு பங்கில் மிர்-101 இருக்க வேண்டிய டிஎன்ஏ துண்டு தொலைந்து போயிருந்தது. அடக்க ஆள் இல்லாத ஈ.இசட்.எச்.2, கட்டியைத் தடுத்து நிறுத்த வேண்டிய மரபணுக்களையும் பூட்டிவிடுகிறது. அதே ஆய்வுக்கூடம் 2011இல் மறுபக்கத்தையும் காட்டியது. ஈ.இசட்.எச்.2 சில மைக்ரோ ஆர்என்ஏக்களின் மரபணுக்களையே பூட்டுகிறது. அவை பிறக்காததால் மரபணுக்களை அடைத்து வைக்கும் அடுத்த புரதக் கூட்டமும் கட்டவிழ்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் இரண்டு பக்கமும் சரிகிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் உதாரணம் தாம்பரம் சானட்டோரியம். டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமன் குழு சென்னையில் எச்ஐவி தொற்றைக் கண்டறிந்த பிறகு, பல இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட நோயாளிகளை ஏற்றுக்கொண்டது இந்த மருத்துவமனை. 2004 ஏப்ரலில் மத்திய அரசு எச்ஐவிக்கான இலவச ஏஆர்டி மாத்திரையைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த 8 மையங்களில் இதுவும் ஒன்று.

அங்கே மாத்திரை வாங்க வரும் பலருக்கும் ஒரு கேள்வி இருக்கும். ரத்தத்தில் வைரஸ் தென்படவே இல்லை என்கிறார்கள், பின் எதற்கு ஆயுள் முழுக்க மாத்திரை? பதில் நம் சாவிக்காரரிடமும் புரூஃப் ரீடரிடமும் இருக்கிறது. எச்ஐவி தன் மரபுப்பொருளை நம் டிஎன்ஏவுக்குள்ளேயே சொருகிவிடுகிறது. சிடி4 எனப்படும் ரத்த வெள்ளணுக்களில் ஓய்வில் இருக்கும் சிலவற்றில் ஹிஸ்டோனிலிருந்து அசிட்டைல் நீக்கப்பட்டு அந்தப் பகுதி பூட்டிக்கொள்கிறது. பூட்டைத் தாண்டிக் கொஞ்சம் செய்தி கசிந்தாலும், அந்தச் செல்லின் மைக்ரோ ஆர்என்ஏக்கள் சில அதை அடக்கிவிடுகின்றன என்று 2007இல் வந்த ஆய்வு காட்டியது. இரட்டைக் காவலுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கிறது. உற்பத்தியே நடக்காத இடத்தில் மாத்திரைக்கு வேலை இல்லை. மாத்திரையை நிறுத்தினால் செல் விழிக்கும்போது வைரஸும் விழித்துக்கொள்ளும்.

பூட்டை நாமே திறந்து வைரஸை வெளியே இழுத்தால் என்ன? 2012இல் வட கரோலினாவில் 8 நோயாளிகளுக்கு வோரினோஸ்டாட் என்ற, எச்.டி.ஏ.சி. நொதிகளைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டுப் பேரிலும் தூங்கிய வைரஸ் பேசத் தொடங்கியது. ஆனால் ஒளிந்திருந்த செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஒரு பூட்டைத் திறந்தால் மட்டும் போதாது என்ற பாடம் அதில் இருக்கிறது. ஒளிந்திருக்கும் வைரஸை ஒழிக்க வழி கிடைக்கும்வரை மாத்திரைதான் கவசம். ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் தென்படாத நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது என்பது உறுதியாகிவிட்ட உண்மை. பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் விலகல் வேண்டாம்.

சானட்டோரியத்தின் பழைய எதிரியான காசக் கிருமிக்கும் இந்த வித்தை தெரியும். நுரையீரலில் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள் போய், அதன் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்து குடியிருப்பது அதன் வழக்கம். 2015இல் ஹைதராபாத் சிடிஎஃப்டி நிறுவனத்தில் சஞ்சீவ் கோஸ்லா குழு ஒன்றைக் காட்டியது: காசக் கிருமி ஆர்வி1988 என்ற புரதத்தை நம் உட்கருவுக்கே அனுப்பி, நம் ஹிஸ்டோன்மீது மெத்தில் ஒட்டி, எதிர்ப்பு மரபணுக்களை மூடுகிறது. அதே ஆண்டில் கொல்கத்தா போஸ் நிறுவனம் இன்னொன்றைக் காட்டியது: கிருமி தாக்கிய மேக்ரோஃபேஜில் லெட்-7எஃப் என்ற மைக்ரோ ஆர்என்ஏ குறைகிறது, அதனால் அழற்சி மூலம் கிருமியை எதிர்க்கும் திறன் தளர்ந்துபோகிறது. புழுவின் வளர்ச்சியில் முதலில் கண்ட அதே லெட்-7 குடும்பம்தான். நாம் முப்பது ஆண்டுகளாகத்தான் படிக்கிற இரண்டு கருவிகளையும் காசக் கிருமி யுகயுகமாகப் பழகியிருக்கிறது.

காசத்தைப் பற்றிப் பேசும்போது நம் கையில் இருக்கும் தழும்பைச் சொல்லாமல் விட முடியாது. கிண்டியில் 1948இல் தொடங்கிய பிசிஜி ஆய்வகத்தின் தடுப்பூசி நம்மில் பலர் தோளில் வட்ட வடுவாக நிற்கிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய மாபெரும் பரிசோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசத்தை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று சொல்லி உலகையே ஏமாற்றத்தில் ஆழ்த்தியது. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக்காய்ச்சல் காசத்திலிருந்து அது காக்கிறது. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம். 2012இல் நெதர்லாந்தில் மிஹாய் நெட்டியா குழு, பிசிஜி போட்டு மூன்று மாதம் கழித்தும் ரத்த வெள்ளணுக்களின் ஹிஸ்டோனில், முன்பு சொன்ன அந்த 4ஆம் இடத்தில், மெத்தில் குறி கூடியிருப்பதைக் கண்டது. காசத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு கிருமிகளையும் அந்த அணுக்கள் சுறுசுறுப்பாக எதிர்த்தன. தோளில் மட்டுமல்ல, ஹிஸ்டோனிலும் தழும்பு விழுந்திருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின் மருந்து எங்கே என்பீர்கள். ஹிஸ்டோன் பக்கம் மருந்துகள் வந்துவிட்டன. வோரினோஸ்டாட் 2006இலும், ஈ.இசட்.எச்.2ஐத் தடுக்கும் டாஸிமெட்டோஸ்டாட் 2020இலும் சில அரிய புற்றுநோய்களுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வலிப்பு நோய்க்கு நம் மருந்துக்கடைகளில் எப்போதோ வந்துவிட்ட வால்புரோயேட் மாத்திரையும் எச்.டி.ஏ.சி. நொதிகளைத் தடுக்கிறது என்று 2001இல் தெரிந்தது. அது கருவைப் பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதுள்ள பெண்கள் டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடரவும் கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது. மைக்ரோ ஆர்என்ஏ பக்கம் பாதை கரடுமுரடு. மிர்-34 என்ற மைக்ரோ ஆர்என்ஏவைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முதல் மனிதப் பரிசோதனை, கடுமையான நோயெதிர்ப்புப் பக்கவிளைவுகளால் 2016இல் நிறுத்தப்பட்டது. ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல செய்திகளைத் தொடும் என்பதால், நல்லதை நினைத்துக் கொடுத்தாலும் வேறெங்கோ இடிக்கிறது.

ஆகையால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ‘உங்கள் ஜீனையே மாற்றும் பொடி’, ‘எபிஜெனெடிக் கஷாயம்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கரைக்காதீர்கள். நான் மேலே எழுதியதில் பெரும்பகுதி செல்களிலும் எலிகளிலும் கண்டவை. நோயாளியின் கைக்கு அவை வர இன்னும் படிகள் பல. அந்தப் படிகளை ஒரே தாவலில் கடந்துவிட்டதாகச் சொல்பவர் அறிவியலை விற்கவில்லை, உங்கள் பயத்தை விற்கிறார்.

குரோம்பேட்டை வாசகிக்கு என் பதில் இது. அம்மாவிடமிருந்து வந்த எழுத்தை நீங்கள் மாற்ற முடியாது. ஆனால் எழுத்து தானாகப் பேசுவதில்லை. எப்போது, எந்த அளவு பேச வேண்டும் என்று ஹிஸ்டோனும் மைக்ரோ ஆர்என்ஏவும் ஒருவரையொருவர் கேட்டு முடிவு செய்கின்றன. உங்கள் ஹார்மோனும் உணவும் நோயும் அந்தப் பேச்சில் கலந்துகொள்கின்றன. மரபு ஒரு பங்கு, மறுக்கவில்லை. முழுத் தீர்ப்பும் அதுவே என்று சொல்ல அறிவியலில் ஆதாரம் இல்லை. அதனால் நடையை நிறுத்தாதீர்கள். உங்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா, வைட்டமின் டி பார்க்க வேண்டுமா என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நீட்டில் இடம் கிடைக்காவிட்டால் உயிரியல் வீண் என்று பிள்ளையின் மனதை உடைக்காதீர்கள். ஹிஸ்டோனை வாத்து ரத்தத்தில் தேடியவரும், மைக்ரோ ஆர்என்ஏவைப் புழுவில் தேடியவர்களும் அடிப்படை அறிவியலைத்தான் தேடினார்கள். தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் விலங்கியலும் தாவரவியலும் இருக்கின்றன. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை இருக்கிறது. காட்டாங்கொளத்தூரில் நடந்ததை மேலே படித்தீர்கள். உலக ஆராய்ச்சியின் ஒரு கண்ணியை இந்தப் புறநகர்ச் சாலையிலேயே கோக்க முடிந்திருக்கிறது.

அந்த ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் வருகிறது. அன்று ஒரு மாலை, உங்கள் வேலையை நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லுங்கள். இடமும் கூட்டமும் ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு. வாசகர்களே, உங்கள் கேள்விகளை இப்போதே எழுதி அனுப்புங்கள். வருகிற கேள்விகளை எல்லாம் தொகுத்து, பதில் சொல்லக் கூடியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்